கல்குழி ஜோசபின்

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. 2021, மே மாதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டில் அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் ஆம்ப்ரோஸ் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசினார்.

"மெர்சி, ஜோசபின் போயிட்டாம்மா."

பக்கத்திலிருந்த யாரோ போனை வாங்கி, எந்த வாசலுக்கு வர வேண்டும், எத்தனை பேர் வரலாம் என்று சொன்னார்கள்.

பதினொன்று ஐந்துக்கு எங்கள் பெரியப்பா மகன் ஜாய்சன் கூப்பிட்டான். முதலில் அழுதான். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டான்.

"மீன் வித்து வித்துத்தானே கொரோனாவ வாங்கிக்கினா? போன வருஷமே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

அன்று மாலைக்குள் ஏழெட்டுப் பேர் வெவ்வேறு வார்த்தைகளில் இதையே சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலில் தேதிகள். அந்த ஆண்டு அவள் கடைசியாக மீன் விற்றது ஏப்ரல் மூன்று, ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை. காய்ச்சல் வந்தது ஏப்ரல் இருபத்தைந்து. இடையில் இருபத்திரண்டு நாள். ஆம்ப்ரோஸுக்கும் அதே வாரம் வந்தது. கீழ்வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் யாரும் மீன் விற்றதில்லை. ஒருவர் செத்ததும் அவர் செய்த வேலையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தை நான் யாருக்கும் தருவதாக இல்லை. அவள் செய்த வேலை என்ன என்பதை எழுதிவைக்கிறேன்.

ஜோசபின் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கோலார் தங்கவயல், மாரிக்குப்பத்தில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அக்கா இருட்டோடு கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வந்து பொம்மனஹள்ளியில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நான் கல்லூரியில் விலங்கியல் படித்ததற்கு அவளுடைய அந்த ரயில் பயணம்தான் காரணம். ஆம்ப்ரோஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கம்பெனி பஸ் ஓட்டுபவர். இருவரும் ஹெப்பகோடியில் குடியேறினார்கள். தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர், கக்கூஸுக்குப் போய்வர ஏழு நிமிடம் என்று பலகையில் எழுதி மாட்டினான். மறுநாள் முதல் அவள் வேலைக்குப் போகவில்லை. மார்க்கெட்டிலிருந்து மீன் எடுத்துவந்து பொம்மனஹள்ளிச் சாலையோரத்தில் தட்டில் வைத்து விற்றாள். ஐஸில் மூன்று நாள் கிடந்த மீனைப் புதுசு என்று சொல்லி விற்க அவளுக்கு நாக்கு வரவில்லை. உயிர்மீன் விற்கலாமே என்று ஒரு யோசனை. அந்த யோசனையோடு சுற்றியவள் ஹெப்பகோடிக்குத் தெற்கே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

ஒன்றரை ஏக்கர் குழி. மூன்று பக்கம் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் லாரி இறங்கிய சரிவுப் பாதை. கீழே நாற்பதடி ஆழத்துக்கு மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கி நின்றது. நிலத்துக்காரர் முனிராஜு சும்மா கிடந்த குழிக்கு ஒரு பைத்தியக்காரி கிடைத்தாளே என்று குத்தகைக்குக் கொடுத்தார். நீலப் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டு, அவற்றிலிருந்து வலைகளைப் பெட்டிபோலத் தொங்கவிட்டு ஆறு கூண்டுகள் அமைத்தாள். கூண்டுக்கு ஆயிரத்து இருநூறு ஜிலேபி மீன் குஞ்சுகள்.

குழியைப் பார்க்க அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். சுரங்கத்தில் வேலை செய்தவருக்குக் குழிக்குள் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். மேலேயே நின்றுகொண்டு ஒன்றுதான் கேட்டார்: "கீழ போறவங்களுக்குக் கணக்கு வச்சிருக்கியா?"

சுரங்கத்தில் அது சட்டம். இறங்குகிறவர் மேலே ஓர் எண் போட்ட பில்லையை வாங்கிக்கொண்டு இறங்குவார். ஏறி வந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பார். வேலைநேரம் முடியும்போது பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். அவர் கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அக்கா எண்ணெய் டின்னை வெட்டிப் பில்லைகள் செய்தாள். ஆணியால் குத்தி எண் போட்டாள். சரிவுப் பாதையின் தலைப்பில் ஒரு பலகை நட்டு அவற்றை மாட்டினாள். தீனி போட ஆம்ப்ரோஸ் தனியாக இறங்கினாலும் ஒரு பில்லையை எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

"என் பொண்டாட்டியப் பாக்கவே டோக்கன் வாங்கணும்பா" என்பார் அவர், யார் வந்தாலும்.

குஞ்சு விடுவதும் மீன் பிடிப்பதும் அவளுக்குத் தவக்காலக் கணக்கு. ஆகஸ்டில் விட்டால் அடுத்த மார்ச்சில் முக்கால் கிலோவுக்கு நெருங்கிவிடும். நாற்பது நாள் இறைச்சியைத் தொடாத வீடுகள், வெள்ளிக்கிழமைகளில் மீன் தேடும் வீடுகள், கடைசியில் பெரிய வாரம். அதுதான் அவளுடைய அறுவடை. 2020இலும் அப்படித்தான் இருந்தது. மார்ச் இருபத்தாறு, வியாழக்கிழமை முதல் கூண்டைத் தூக்குவதாகத் திட்டம். பள்ளிகளை முன்பே மூடிவிட்டதால், அறிவியல் டீச்சரான நானும் உதவிக்கு வந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதையும் மூடினார்கள். நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

மூன்று நாளில் நிலைமை தெளிவாகிவிட்டது. மார்க்கெட் கிடையாது. வண்டி கிடையாது. ஆந்திராவிலிருந்து வர வேண்டிய தீனி லாரி எல்லையிலேயே நின்றது. இவை எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீரில் காற்றைக் கலக்கும் இரண்டு மோட்டார்களில் ஒன்றின் கம்பிச் சுருள் எரிந்துபோனது. அதைத் திரும்பச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடை பூட்டிக் கிடந்தது. மீன்கள் முழு அளவுக்கு வளர்ந்து கூண்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரம். விடியற்காலையில்தான் தண்ணீரில் காற்று குறைவாக இருக்கும். அப்போது போய்ப் பார்த்தால் வாய்களை மேலே நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன. கூட்டத்தைக் குறைத்தால் பிழைக்கும். குறைக்காவிட்டால் ஒரு மூட்டமான விடியல் போதும், ஏழாயிரம் மீனும் மிதக்கும்.

அந்தச் சமயம் பார்த்து எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றியது. மீன் தின்றால் கொரோனா வரும் என்று. யாரோ ஒரு மீனின் வயிற்றைக் கிழித்துக் காட்டினார்கள். முனிராஜு அதை எடுத்துக்கொண்டு வந்தார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, குழியிலிருந்து இருபதடி தள்ளி நின்றார். ஊரார் ஏற்கெனவே சாலையில் முள்வெட்டிப் போட்டு வெளியாளை மறித்துவிட்டிருந்தார்கள்.

"ஏனம்மா ஜோசபின், ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. அந்த மீனெல்லாம் எடுத்து, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிடு. ஜேசிபி நான் அனுப்பறேன்."

"எதுக்குண்ணா புதைக்கணும்? செத்துப் போச்சா?"

"செத்த அப்புறம் நாத்தம் வந்தா ஊர் சும்மா இருக்குமா? வீடியோ பாரு, இதுக்கெல்லாம் கொரோனா இருக்குதாம்."

"மீனுக்கு மூக்கு இருக்குதா சளி பிடிக்க?"

மீனுக்கு மூக்குத் துளை உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு அது நேரமில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

முனிராஜு கோபப்படவில்லை. பத்து நாள் தவணை சொன்னார். அதற்குள் குழி காலியாகாவிட்டால் குத்தகை முடிந்தது என்றார். மீன் செத்து மிதந்தாலும் முடிந்தது. ஆறு வருடம் கட்டியெழுப்பியது அந்தப் பத்து நாளில் இருந்தது.

குழிக்கு மேற்கே அரைக் கிலோமீட்டரில் தகரக் கொட்டகைகள். கட்டட வேலைக்கு வந்த ராய்ச்சூர்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள், பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம் தமிழ் ஆட்கள், எல்லாம் சேர்ந்து முந்நூறு குடும்பம் இருக்கும். வேலை நின்றுவிட்டது. ஊருக்குப் போக வண்டியில்லை. யாரோ அரிசி கொடுத்தார்கள். அரிசி மட்டும்தான். அந்தப் பகுதி ஆஷா சுகாதார ஊழியர் ஷில்பா, வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டுவிட்டு வரும் வழியில் எங்கள் பலகையருகே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள்.

"சோறும் உப்பும் அக்கா" என்றாள் ஒருநாள். "அஞ்சு நாளா. பாலூட்டற பொண்ணுங்க ரெண்டு பேரு, அவங்களுக்கும் அதே."

அக்கா குழியைப் பார்த்தாள். பிறகு கொட்டகைகள் இருந்த திசையைப் பார்த்தாள்.

"வண்டி போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? மனுஷன் நடந்து வரலாமில்ல?"

ஆம்ப்ரோஸ் பயந்தார். "கூட்டம் சேந்தா லத்தி வரும்டி. குழியில எவனாவது தவறி விழுந்தா அப்புறம் குத்தகை கித்தகை ஒண்ணும் கிடையாது, ஜெயில்தான்."

"கூட்டம் ஏன் சேரும்? பத்துப் பில்லைக்குப் பத்துப் பேரு. அவங்க மேல வந்தாதான் அடுத்த பத்து."

அன்று பகல் முழுக்க நாங்கள் டின் வெட்டினோம். இருநூறு பில்லை. என் விரல்களில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஷில்பா கொட்டகைகளில் சொல்லி, முள்வேலியைச் சுற்றி வரும் ஒற்றையடிப் பாதையையும் காட்டியிருந்தாள். மேலே ஆம்ப்ரோஸ் பில்லை கொடுத்தார். ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் போட்ட வட்டங்களில் மற்றவர்கள் நின்றார்கள். கீழே, சரிவோரமாக இழுத்துக் கட்டிய கூண்டருகே அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, கைவலையால் அள்ளி, ஆளுக்கு மூன்று மீன், அவரவர் பாத்திரத்தில் துள்ளத்துள்ளப் போட்டாள். கையில் பணம் இருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் அப்புறம் என்றார்கள். அது பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. வீடியோவைப் பார்த்திருந்த ஒருவர், இதைத் தின்றால் ஒன்றும் ஆகாதே என்று கேட்டார்.

"நாலு வேளையா நான் இதத்தான் தின்னுக்கினு இருக்கேன். நான் செத்தா நாளைக்கு வராத" என்றாள்.

பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. திருப்பி வாங்கி ஒரு வாளியில் போட்டிருந்த பில்லைகளை ஆம்ப்ரோஸ் ஆணியில் மாட்டி முடித்தபோது ஓர் ஆணி காலி. அறுபத்து மூன்று.

"எவனாவது பாக்கெட்ல போட்டுக்கினு போயிருப்பான். தகரம்தானே, விடு" என்றார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. மறுபடி சரிவில் இறங்கினாள். கூண்டுகளுக்குப் பின்னால், பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் போகும் இடத்தில், கை கழுவப் போய் யாராவது வழுக்கியிருந்தால் சத்தம்கூடக் கேட்காது. நீளமான மூங்கிலில் கொக்கியைக் கட்டினாள். இடுப்பில் கயிறு சுற்றி ஒரு முனையை ஆம்ப்ரோஸிடம் கொடுத்தாள். தண்ணீரைக் குத்திக் குத்தித் துழாவ ஆரம்பித்தாள். நான் கூண்டு கூண்டாகப் போய்ப் பார்த்தேன். எங்களுக்குத் தெரியாத ஒரு முகத்தை அந்தப் பச்சைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தோம்.

பதினொரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. கூட்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எஸ்.ஐ. ஓர் இளைஞர். இங்கே யார் முதலாளி, லாக்டவுன் என்று தெரியாதா என்று மேலே நின்று கன்னடம் கலந்து கத்தினார்.

"யாரம்மா இல்லி ஓனர்? லாக்டவுன்னு கொத்தில்வா?"

அக்கா தலையைத் தூக்கவில்லை. "சார், ஸ்வல்ப நில்லி, கொஞ்சம் பொறுங்க. ஓர் ஆள் கம்மி."

"ஏனு? என்னது?"

"இருநூறு பேர் எறங்கினாங்க. நூத்துத் தொண்ணூத்தொம்போது பேர்தான் ஏறினாங்க. மொதல்ல அந்த ஆளைத் தேடிக் கொடுங்க. அப்புறம் என்னைப் பிடிச்சிக்கினு போங்க."

விரட்ட வந்தவர், தன் எல்லைக்குள் ஒரு பிணம் இருக்கலாம் என்று கேட்டதும் வேறு மாதிரி ஆகிவிட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தார். காலி ஆணியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிளை ஷில்பாவோடு கொட்டகைகளுக்கு அனுப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே ஒரு பில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து ஆம்ப்ரோஸோடு கயிற்றைப் பிடித்தார்.

பன்னிரண்டுக்கு ஷில்பா திரும்பி வந்தாள். கூடவே மெலிந்த ஒரு ராய்ச்சூர்க்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையெல்லாம் மஞ்சள். வாசல் தாழ்ப்பாளில் நூல் போட்டு அந்தப் பில்லையைக் கட்டி வைத்திருந்தாராம். இந்தத் தகரம் கையில் இருந்தால்தான் நாளைக்கும் மீன் என்று நினைத்திருக்கிறார். ரேஷனுக்கு அப்படித்தானே.

தண்ணீரிலிருந்து ஏறி வந்த அக்கா தெப்பலாக நனைந்திருந்தாள்.

"நீ செத்துட்டன்னு ரெண்டு மணி நேரமா தண்ணியக் குத்திக்கினு இருக்கேன். நீ அங்க கொழம்பு வச்சிக்கினு இருக்கியா?"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. ஷில்பாவைப் பார்த்தார். ஷில்பா கன்னடத்தில் சுருக்கமாகச் சொன்னாள்: "கோபமா இருக்காங்க."

மீனைத் திருப்பிக் கொண்டுவரட்டுமா என்று அவர் பயந்தபடி கேட்டார். ஒன்று ஏற்கெனவே சட்டியில் இருக்கிறது, மிச்சம் இரண்டு அப்படியே இருக்கிறது என்றார்.

"மீனை யாரு கேட்டா? தகரத்தைக் குடு."

வாங்கி ஆணியில் மாட்டினாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எஸ்.ஐ. முழங்கால்வரை நனைந்த பேண்ட்டைப் பிழிந்துகொண்டே, இந்தக் கணக்கை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். கோலார் சுரங்கம் என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு, தான் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்ததுபோல, நாளைக்கு இது நடக்கக் கூடாது என்றார்.

ஷில்பா தன் போனை நீட்டினாள். "சார், ஆர்டர்லயே இருக்கு. மீன், இறைச்சி விக்கற கடைக்கு அனுமதி இருக்கு."

"கடைன்னு போட்டிருக்கும்மா. இது குழி."

அக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைப் பிழிந்து தோளில் போட்டாள்.

"நாளைக்கும் ஆறு மணிக்குத் தொடங்குவேன் சார். மூடணும்னா நீங்க வந்து மூடுங்க. ஆனா நான் விட்டா இதெல்லாம் செத்து மிதக்கும். அங்க அவங்க உப்புச் சோறு தின்னுக்கினு இருப்பாங்க. எனக்கு இருநூறு பேர்ல ஓர் ஆள் காணோம்னா தெரியுது. உங்க ரேஷன் வரிசையில ஓர் ஆள் காணோம்னா யாருக்காவது தெரியுமா?"

அவர் ஜீப்பில் ஏறும்போது, கைவசம் இருந்த பில்லையை மறக்காமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு அந்தக் கான்ஸ்டபிள் வந்தார். லத்தியோடு ஒரு தூக்குச்சட்டியும் கொண்டுவந்திருந்தார். வட்டத்தில் நின்றார், தன் முறை வரும்வரை.

அப்படியே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி மாலை மழை பெய்தது. மறுநாள் விடியலில் வானம் சாம்பலாக இருந்தது. ஐந்தரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்காவது கூண்டு முழுக்க வெள்ளை வயிறுகள். மற்றக் கூண்டுகளைக் காப்பாற்ற, தண்ணீரில் காற்று கலக்கும்படி, வாளிகளால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். வரிசையில் நின்றவர்களில் முப்பது பேர் பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டு, இறங்கி வந்து வாளி பிடித்தார்கள். செத்த மீன்களை அவள் ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தவற்றைத் தனியே எடுத்து, இப்போதே கொண்டுபோய் ஆக்கிவிடுங்கள் என்று கொடுத்தாள். வெளுத்துப்போனவற்றைப் புதைத்தோம். எண்ணூறு இருக்கும். முனிராஜுவின் ஜேசிபி தேவைப்படவில்லை. கொட்டகை ஆட்களே தோண்டினார்கள்.

புதைத்துக்கொண்டிருந்தபோது முனிராஜு வந்தார். நாற்றம் இல்லை. அவர் சொன்ன பத்து நாள் தவணை அன்றோடு முடிந்தது. ஆனால் மிச்சமிருந்த ஐந்து கூண்டுகளில் மூன்று அநேகமாகக் காலி. கூண்டுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு, வீட்டில் கேட்கிறார்கள், நாலு மீன் கொடு என்றார்.

"மூணுதான்ணா. பில்லை வாங்கிக்கங்க."

"நிலத்துக்காரனுக்கே பில்லையா?"

"குழிக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா."

வாங்கினார். எண் நூற்றுப் பன்னிரண்டு. அதோடு அவர் மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜூன் மாதம் வேறொருவரை அழைத்துவந்து குழியைச் சுற்றிக் காட்டினார். அக்கா அந்த ஆளுக்கும் ஒரு பில்லையை நீட்டியிருக்கிறாள். அவர் இறங்காமலே போய்விட்டார்.

பெரிய வெள்ளியன்று கடைசிக் கூண்டைத் தூக்கினோம். அந்தப் பதினோரு நாளில் ஆறாயிரத்துச் சொச்சம் மீன் அந்தக் கொட்டகைகளின் அடுப்புகளுக்குப் போயிருக்கிறது. வரலாற்றில் இது எங்கும் வராது. அந்தப் பாலூட்டும் பெண்களில் ஒருத்தி ஒடிசாவுக்குத் திரும்பியபின் ஷில்பாவின் போனுக்குப் பிள்ளையின் படம் அனுப்பினாள். குண்டாக இருந்தது.

அந்த ஆண்டுக்குப் பின் அக்கா தன் தவக்காலக் கணக்கை மாற்றிக்கொண்டாள். ஆறு கூண்டுகளில் நான்கைத்தான் விற்பனைக்கு என்று வளர்த்தாள். மற்ற இரண்டிலும் குஞ்சுகளை ஒரு மாதம் தள்ளி விட்டாள், பெரிய வாரம் முடிந்த பிறகும் மீன் இருக்கும்படி. எதற்கு என்று கேட்டால், மறுபடி மூடுவாங்க பாரு என்பாள். 2021 ஏப்ரல் இருபத்தேழில் மறுபடி மூடினார்கள். அப்போது அவள் படுத்த படுக்கையாக இருந்தாள். இருபத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் இந்த நகரத்தில் படுக்கைக்கும் காற்றுக்கும் என்ன பாடு பட்டோம் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தில் உறவுக்காரர் ஒருவர், மூச்சுக்குத் தவித்த மீனையும் அவளையும் சேர்த்து ஏதோ பொருத்தமாகச் சொல்ல வந்தார். நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். மீன் மீன்தான். அவள் என் அக்கா.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் முனிராஜு ஆம்ப்ரோஸுக்குப் போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, குழியை என்ன செய்யப் போகிறீர்கள், ஆள் தயாராக இருக்கிறது என்றார். இருமல் இன்னும் தீராத ஆம்ப்ரோஸ் தனி அறையில் படுத்திருந்தார். அழைப்பை என் போனுக்குத் திருப்பிவிட்டார். ரெண்டு கூண்டு மீன் இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குத் தொடங்கறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லி முடித்தபோதுதான் நான் அப்படி முடிவு செய்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

மே பத்து, திங்கட்கிழமை. ஷில்பா வட்டங்களுக்குச் சுண்ணாம்பு போட்டாள். நான் முதல் பில்லையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்குக் கைவலை பழக்கமில்லை. பாதி மீன்கள் திரும்பத் தண்ணீருக்குள் குதித்தன. வரிசையிலிருந்த ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் புடவையைச் செருகிக்கொண்டு வந்து வலையை வாங்கிக்கொண்டாள். எட்டு மணிக்கு ஜாய்சன் கூப்பிட்டான்.

"உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை? அவ போனது போதாதா?"

"நாளைக்கு ஆறு மணிக்கு வா. பாத்திரம் எடுத்துக்கினு வா" என்றேன்.

அவன் வரவில்லை. நூற்றெண்பது பேர் வந்தார்கள். பத்தேகாலுக்கு எல்லாப் பில்லைகளும் ஆணியில் இருந்தன.

குத்தகை இப்போது ஆம்ப்ரோஸ் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. முனிராஜு அதற்கு ஒரு வருடம் இழுத்தடித்தார். நாங்களும் ஒரு வருடம் போய் அவர் வாசலில் உட்கார்ந்தோம். சனி, ஞாயிறுகளில் நான் ஹெப்பகோடியில்தான் இருக்கிறேன். கூண்டுகள் எட்டாகிவிட்டன. மோட்டார்கள் நான்கு, ஒன்று எரிந்தால் மாற்றுவதற்கு இன்னொன்று அலமாரியில். இரண்டு கூண்டுகள் எப்போதும் மாதம் தள்ளித்தான் நிற்கும்.

அந்த முதல் ஏப்ரலில் ஒரு கர்ப்பிணி சரிவுப் பாதையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு அக்கா பாதையின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி போடத் தொடங்கினாள். பாறையில் துளை போட்டு, இரும்புக் குழாயை நட்டு, சிமெண்ட் பூசி, ஒவ்வொன்றையும் தானே செய்தாள். மேலிருந்து கீழ்வரை பதினோரு குழாய்கள் வேண்டும். ஒன்பதை நட்டுவிட்டாள். பத்தாவதற்கு அவள் போட்ட துளை நான்கு விரல் ஆழத்தில் அப்படியே நிற்கிறது.